கனடாக்காரர் போட்ட அச்சாரம்

காலை ஆறரை மணிக்குக் கங்கா சிரித்தாள். குணாளன் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அந்த நேரத்துக்கு அவள் சிரித்து அவன் கண்டதே இல்லை. ஆறரைக்கு அவள் முகத்தில் இருக்க வேண்டியது பூ வெட்டப் போகும் அவசரம். அது இல்லாத நாளில் கோபம். கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒன்றரை ஏக்கர் சாமந்தி வைத்திருப்பவளுக்கு அந்தக் குளிரில் சிரிக்க என்ன இருக்கிறது? அதுவும் கட்டினவனைப் பார்த்துச் சிரித்தாலாவது போகிறது என்று விடலாம். அவள் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு அது?"

"வண்டிய கேட்டு எழுதியிருக்காரு. ஆஸ்திரேலியாவுலேருந்து."

"வண்டிய கேட்டா சிரிப்பு எதுக்கு?"

"இன்னைக்கு வண்டியப் பத்தி எழுதலீங்க. குளுருக்கு முட்டி வலி எப்படியிருக்குன்னு கேட்டிருக்காரு."

"யாரு முட்டி?"

"என் முட்டிதான். வண்டிக்கு ஏது முட்டி?"

கங்காவுக்கு முட்டி வலி என்பதே குணாளனுக்குப் புதுச் செய்தி. நம் வீட்டுச் செய்தி ஆஸ்திரேலியா போய்த் திரும்பி வந்து நமக்குத் தெரிவதா என்று அவனுக்குக் காது மடல் சூடேறியது.

வண்டி என்பது அவனுடைய லேண்ட்ரோவர். ஒரு காலத்தில் தேயிலை எஸ்டேட் துரை ஏறிய வண்டி. துரை போனார், அவருக்குப் பின் நாலு மேனேஜர் போனார்கள், வண்டி மட்டும் போகவில்லை. எஸ்டேட் கழித்துப் போட்டதைக் குணாளன் வாங்கிப் பதினாறு வருடமாகிறது. அதற்குப் பின் அவன் கையில் காசு தங்கியதில்லை. ஒரு மாதம் கார்பரேட்டர், ஒரு மாதம் ஸ்பிரிங். அவ்வளவு செலவழித்தும் கங்கா உட்காரும் பக்கத்துக் கண்ணாடி மட்டும் இன்னும் போடவில்லை. பிரிஞ்சாங் பாசாருக்குப் பூ ஏற்றிக்கொண்டு போகும்போது அவள் வண்டிக்குள்ளே குடை விரித்துக்கொண்டுதான் போவாள். வழியில் பார்ப்பவர்கள் கையசைப்பார்கள்.

"வித்துத் தொலைங்க" என்று அவள் கேட்காத மாதமில்லை. தொல்லை தாங்காமல் ஒருநாள், "நாப்பதாயிரம் ரிங்கிட்டுக்கு ஆளு வந்தா விக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். இந்த டப்பாவுக்கு எவன் நாற்பதாயிரம் கொடுப்பான் என்கிற தைரியம்தான். கங்கா அன்றைக்கே படமெடுத்து விளம்பரம் போட்டுவிட்டாள். படத்தில் வண்டியோடு நீலச் சேலையில் அவளும் நின்றாள்.

"நீ எதுக்குப் படத்துல நிக்கிற?"

"வண்டி எம்மாம் பெருசுன்னு தெரிய வேணாமா?"

"அதுக்கு மல்லிப்பூ எதுக்கு?"

அதற்குள் அவள் பூக்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூன்றாம் நாள் ஆஸ்திரேலியா வந்துவிட்டது.

ஆள் பெயர் குகனேஸ்வரன். கங்கா பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்தவரின் மகனாம். சின்ன வயதில் இதே வண்டியின் பின்னால் தொத்திக்கொண்டு போனவனாம். கேட்ட விலைக்கே வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றான். கூடவே, 'லயத்தில் மூன்றாவது வீட்டுக் கங்காதானே நீங்கள்?' என்று ஒரு கேள்வி. குணாளனுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் தானா ராத்தாவுக்குப் போய் மீரான் கடையில் உட்கார்ந்தான். மீரானுக்கு பஸ் ஸ்டேஷன் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. வெளிநாட்டு வியாபாரத்தில் அடிபட்ட அனுபவமும் உண்டு.

"துபாய்க்காரன் ஒருத்தன் என் பழைய வேன வாங்குறேன்னு வந்தான் குணா. வெலய கொறைக்கல. வண்டிய பாக்கல. ஏஜெண்டு வருவான், அவனுக்கு மொதல்ல டுவிட் கட்டுன்னான். காசக் கட்டினேன். வேன் இன்னும் கடைக்குப் பின்னாலதான் நிக்குது. ஏஜெண்டுதான் வரல." மீரான் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். "உன் ஆளு வெலய கொறைச்சானா?"

"இல்ல பாய்."

"டயரு எப்படி, இன்ஜின் எப்படின்னு ஏதாச்சும் கேட்டானா?"

"முட்டி எப்படின்னு கேட்டான்."

மீரான் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "இது வண்டி வாங்குற கேசு இல்ல லா குணா. இது வேற கேசு."

குணாளன் வீட்டுக்கு வந்ததும் விசாரணையைத் தொடங்கினான்.

"அந்தாளு ஃபிராடு. வீடியோவுல மூஞ்சியக் காட்டச் சொல்லு."

"சொரங்கத்துல வேலையாம். லைன் கெடைக்காதாம்."

"முட்டி வலி கேக்க மட்டும் லைன் கெடைக்குதா?"

"அது மெசேஜுங்க. எங்க இருந்தாலும் போகும்."

"அப்ப ஒரு கேள்வி கேளு. எஸ்டேட்டுல வளந்தவனுக்குத்தான் பதில் தெரியணும்."

"என்ன கேக்கறது?"

இங்கேதான் குணாளன் மாட்டிக்கொண்டான். அவன் தாப்பாவில் வளர்ந்தவன். அந்த எஸ்டேட்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது மாமனார் வீடு மட்டும்தான். "நீயே ஏதாச்சும் கேளு" என்றான்.

எங்கள் தமிழ்ப்பள்ளியில் மணிக்குப் பதிலாக எதைத் தொங்கவிட்டு அடித்தார்கள் என்று கங்கா கேட்டாள். கைப்பேசியோடு அடுப்படிக்குப் போனவள் ரசம் தாளிப்பதற்குள் பதிலோடு வந்தாள்.

"பழைய லோரி ரிம்முன்னு எழுதியிருக்காரு."

"சரியா அது?"

"நூத்துக்கு நூறு சரி. அத அடிக்கிறதுக்கு அவருக்கும் எனக்கும் தெனம் சண்டை வரும்."

பரீட்சை வைத்ததில் பழைய சண்டை ஒன்று கூடுதலாகத் தெரியவந்ததுதான் மிச்சம். அடுத்த இடி வியாழக்கிழமை விழுந்தது.

"தைப்பூசத்துக்கு வர்றாராம். நேர்ல பாத்துட்டுக் கூட்டிட்டுப் போறாராம்."

"யார?"

"வண்டியத்தான்! வேற யாரக் கூட்டிட்டுப் போவாங்க?" என்றாள். ஆனால் சொல்லிவிட்டுத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். குணாளன் அதைப் பார்த்தான். பார்த்தபின் அவனுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

வண்டியும் போகும், மானமும் போகும், இரண்டும் ஒரே கப்பலில் போகும். இதைத் தடுக்க ஒரே வழி, ஆஸ்திரேலியாவை அடிக்க இன்னொரு நாடு. மீரானிடம் சாப்பாட்டு ஆர்டருக்கென்று வைத்திருந்த ஒரு கைப்பேசி சும்மா கிடந்தது. அதை இரவல் வாங்கினான். கனடாவில் திருச்செல்வம் என்றொரு கனவான் பிறந்தார். அவருக்கு அலுவலகம், குணாளனின் மருந்து ஷெட். பூவுக்கு மருந்தடிக்கிறேன் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உர மூட்டைமேல் உட்கார்ந்து எழுதினார்.

'வணக்கம் அம்மா. தங்கள் வண்டியைக் கண்டேன். இப்படிப்பட்ட வண்டி உலகில் வேறில்லை. நாற்பத்தோராயிரம் தருகிறேன். ஆஸ்திரேலியாக்காரர்களை நம்ப வேண்டாம்.'

ஆஸ்திரேலியாக்காரரைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்று கங்கா கேட்கவில்லை. 'சாப்பிட்டீர்களா ஐயா?' என்றுதான் கேட்டாள்.

இவரும் விடுவாரா? முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்றார். பனியில் நிற்காதீர்கள் என்றார். பூக்கூடையைத் தனியாகத் தூக்காதீர்கள், கணவரைத் தூக்கச் சொல்லுங்கள் என்றும் எழுதினார். அதற்கு வந்த பதில்தான் அவரை உர மூட்டையோடு ஒட்ட வைத்தது.

'என் வீட்டுக்காரர் நல்லவர் ஐயா. வண்டிக்கு ஆயில் மாற்றிய தேதி மறக்காது. என் பிறந்தநாள்தான் அவருக்குத் தெரியாது.'

குணாளன் யோசித்துப் பார்த்தான். அக்டோபரா, நவம்பரா? மழைக்காலம் என்று மட்டும் ஞாபகம் இருந்தது. கேமரனில் எது மழைக்காலம் இல்லை? உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே இருக்க அவனுக்கு நேரமில்லை, ஏனென்றால் மறுநாள் காலை கங்கா கனடாக்காரர் எழுதியதைப் படித்துச் சிரித்தாள். ஆஸ்திரேலியாவுக்குச் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு.

முதலில் அவனுக்கு உச்சி குளிர்ந்தது. ஜெயித்தாயிற்று! பல் விளக்கி முடிப்பதற்குள் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. கட்டினவன் எதிரில் நிற்கிறேன், எவனோ கனடாக்காரனுக்கு இந்தச் சிரிப்பா?

"அந்தக் கனடா ஆளு எப்படி?" என்று வாயைக் கிளறினான்.

"தங்கமான மனுஷன். சாப்டீங்களான்னு கேட்டுட்டுத்தான் பேச்சே ஆரம்பிப்பாரு."

"நானுந்தான் கேப்பேன்."

"எப்ப?"

குணாளன் வாயைக் கொப்பளித்தான். அன்றிலிருந்து அவன் குகனேஸ்வரனைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டு திருச்செல்வத்தைத் திட்ட ஆரம்பித்தான். ஷெட்டுக்குள் போனால் தேனாக எழுதுவான். வெளியே வந்தால், "வயசான ஆளுக்குப் பேச்சப் பாரு" என்று பொருமுவான். தன்னைத் தானே இப்படிக் கரித்துக்கொட்டிய ஆள் அந்த மலையில் வேறு இருந்திருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை கங்கா தீர்ப்புச் சொன்னாள். "ரெண்டு பேரும் வெளிநாடு. யாரு நெசம், யாரு பொய்யின்னு நமக்கு எப்படித் தெரியும்? மொதல்ல மூவாயிரம் அச்சாரம் போடறவங்க நெசம். அச்சாரம் வாங்கிட்டா அப்புறம் வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன். எங்க லயத்துல ஆட்டுக்குட்டி வித்தாக்கூட அப்படித்தான். வார்த்தை ஒண்ணு."

"ஆஸ்திரேலியாக்காரன் என்ன சொன்னான்?"

"வெள்ளிக்கெழம போடறேன்னாரு."

குணாளனின் மூளை கிடுகிடுவென்று ஓடியது. லேண்ட்ரோவருக்கு நாலு புது டயர் போட அவன் கங்காவுக்குத் தெரியாமல் மூவாயிரம் சேர்த்து மீரானிடம் கொடுத்துவைத்திருந்தான். அதைக் கனடாக்காரர் பெயரில் போட்டால் குகனேஸ்வரன் ஒழிந்தான். கனடாக்காரர் கடைசிவரை வரமாட்டார். வண்டி வாசலிலேயே நிற்கும். பணமும் பெண்டாட்டி கணக்கில்தானே இருக்கப்போகிறது, எங்கே ஓடும்? சாணக்கியனுக்குக்கூடத் தோன்றியிருக்காது என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

மீரான் பணத்தை எடுத்துக் கொடுத்தபோது அவனை உற்றுப் பார்த்தார். "உன் காசு. உன் பொஞ்சாதி கணக்குல போடற. உன் வண்டிய நீயே வாங்க. குணா, நான் துபாய்க்காரன்கிட்ட ஏமாந்தது எவ்வளவோ மேல் லா."

"உங்களுக்குப் புரியாது பாய்" என்று சொல்லிவிட்டு, கேமராவில் முகம் விழாமலிருக்கத் தலையில் மோட்டார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய், தானா ராத்தா பேங்கு மெஷினில் மூவாயிரத்தையும் போட்டான்.

வெள்ளிக்கிழமை குகனேஸ்வரன் விடைபெற்றுக்கொண்டார். 'தாமதித்துவிட்டேன். முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கடைசி வரி. கங்கா ஒரு பெருமூச்சு விட்டாள். குணாளன் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் தோட்டத்திலிருந்து திரும்பினவன் வாசலில் அப்படியே நின்றுவிட்டான். லேண்ட்ரோவருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நீலக் கஞ்சில் கார். பழசுதான், ஆனால் நாலு பக்கமும் கண்ணாடி இருந்தது. ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு கங்கா உட்கார்ந்திருந்தாள்.

"யாரு கெரெத்தா இது?"

"நம்மளுதான். செகண்ட் ஹேண்டு."

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் எடுத்து நாலு மாசம் ஆச்சு. நீங்க இன்ஜினுக்கு அடியில படுத்திருந்தீங்க, சொன்னா காதுல விழல."

"டுவிட் ஏது?"

"பூ வித்து வெச்சிருந்தது பாதி. கனடாக்காரரு அச்சாரம் பாதி."

குணாளன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். "அந்தக் காசத் தொடலாமா? நாளைக்கு அந்தாளு ஃபிராடுன்னு தெரிஞ்சா?"

"ஃபிராடுதாங்க."

"எப்... எப்படிச் சொல்ற?"

"நீங்க மருந்து ஷெட்டுக்குள்ள போனாத்தான் அவருக்கு என் முட்டி ஞாபகம் வருது. போன வாரம் மட்டும் ஒம்பது தடவ மருந்தடிக்கப் போனீங்க. பூவுல ஒரு சொட்டு மருந்து இல்ல, பூச்சி குடும்பம் நடத்துது. போட்ட காசும் கனடாவுலேருந்து வரல, தானா ராத்தா மெஷின்ல விழுந்திருக்கு."

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஆம்பளை ரோஷம் ஒன்று இருக்கிறதே, அது எழுந்து நின்றது.

"சரி, நான்தான்! என்ன இப்ப? அந்தக் குகனேஸ்வரன் பண்ணினது மட்டும் நியாயமா? அடுத்தவன் பொஞ்சாதி முட்டிய விசாரிக்க அவன் யாரு?"

கங்கா கைப்பையிலிருந்து இன்னொரு கைப்பேசியை எடுத்து அவன் கையில் வைத்தாள். பழைய கைப்பேசி, ஓரத்தில் கண்ணாடி கீறியது. திறந்து பார்த்தான். முட்டி, லோரி ரிம், தைப்பூசம், பெருமூச்சு வாங்கிய கடைசி வரி, எல்லாம் அதிலிருந்துதான் போயிருந்தன.

"கிராணி மகன் ரெண்டாங் கிளாஸ்லயே ஈப்போவுக்குப் போயிட்டான். எப்பவும் மூக்கு ஒழுகும்" என்றாள். "நீங்க கனடாவுலேருந்து எழுதினீங்க. நான் ஆஸ்திரேலியாவுலேருந்து எழுதினேன்."

பத்து நாளாக எவனோ கேட்கிறான் என்று வயிறெரிந்ததெல்லாம், கேட்க ஆளில்லாமல் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டது. குணாளனுக்கு அது உறைத்தது. "முட்டி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டான்.

"பரவால்ல" என்றாள். முகம் கொஞ்சம் இளகியது.

அந்த இளக்கத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தைரியம் வந்தது. மெல்ல நகர்ந்துபோய் லேண்ட்ரோவரின் பானெட்மேல் கையை வைத்தான். "அப்ப ஆஸ்திரேலியாவும் இல்ல, கனடாவும் இல்ல. வாங்க ஆளே இல்ல. வண்டி நம்மகிட்டயேதான இருக்கும்?"

"அது எப்படிங்க? அச்சாரம் வாங்கியாச்சு, வண்டி வித்தாச்சு" என்ற கங்கா கஞ்சிலைக் கிளப்பிக்கொண்டே தலையை வெளியே நீட்டினாள். "மிச்சம் முப்பத்தெட்டாயிரம் எப்ப வரும், திருச்செல்வம் ஐயா?"