ஓட்டைக்கேற்ற பெட்டி

வாசகரே, உலகில் பாட்டுக் கேட்பவர்கள் ஓர் இனம். பாட்டுப் பெட்டி செய்பவர்கள் வேறோர் இனம். இந்த இரண்டாம் இனத்துக்குப் பாட்டே தேவையில்லை. ‘டம்’ என்று அடிவயிறு அதிர்ந்தால் போதும், பிறவிப் பயன் கிட்டிவிடும்.

அந்த இனத்தில் ஒருவர், காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தா. நண்பர்கள் வைத்த பெயர் டம்மார்.

டம்மார் ஒரு விடுமுறை நாளில், ‘டம்’மை மட்டும் முழக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கருக்குப் பலகையில் பெட்டி அடித்தார். பெட்டிக்குள் காற்று வந்துபோக ஓர் ஓட்டை போட்டு, அதில் ஒரு குழாயைச் செருகி, ஸ்விட்சைத் தட்டினார். ‘டம்’ வந்தது. கூடவே ‘புஸ்’ஸும் வந்தது.

“குக்கரா?” என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

“இல்லம்மா, குழாய் ஒல்லி. காத்து சீறுது.”

அகலக் குழாய் வாங்கினார். அகலம் கூடினால் நீளமும் கூட வேண்டும் என்றது கணக்கு. நீளக் குழாய் பெட்டிக்குள் அடங்கவில்லை. செருப்புக்காகக் காலை வெட்ட முடியுமா? பெட்டியைப் பெரிதாக்கினார். பெட்டி பெரிதானால் கணக்கு மாறாதா? மாறியது. குழாயை அறுத்தார், ஒரு விரற்கடை கூடுதலாக அறுத்துத் தொலைத்தார், மறுபடி கடைக்கு ஓடினார். இப்படியே பெட்டி அலமாரி அளவுக்கு வளர, கூடத்து சோபா பால்கனிக்குப் போனது. அதில் உட்கார்ந்திருந்த மாமனாரும் கூடவே போனார்.

“மாப்ளே, தூறுது.”

“பொறுங்க மாமா, இன்னும் அரை அங்குலந்தான்.”

மனைவி இடுப்பில் கை வைத்தாள். “இன்னிக்கு இது முடியல, அப்பா உள்ள, நீங்க வெளிய. ஆமா, இதுல என்ன பாட்டுக் கேக்கப் போறீங்க?”

டம்மார் ரம்பத்தை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் திரும்பினார்.

சாயங்காலம் ஸ்விட்சைத் தட்டினார். டம்! தட்டுகள் தாளம் போட்டன. மாமனாரின் பல்செட் டம்ளருக்குள் நீச்சலடித்தது. புஸ் இல்லை! டம்மாருக்குக் கண் கலங்கியது.

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

“மன்னிச்சிடுங்க சார், சத்தத்தக் குறைச்சிடறேன்.”

அவர் நேரே போய் மண்டியிட்டு, ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார்.

“இந்த அகலம் பத்தாதே சார்?”

மனைவி அப்பாவைக் கைபிடித்து உள்ளே அழைத்து வந்தாள். ஆண்கள் இருவரும் பெட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் படியிறங்கினார்கள். கீழ்வீட்டில் இடம் தாராளம். அவர் மனைவி பிள்ளைகளோடு தாய்வீடு போய் ரொம்ப நாளாகிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், ‘அந்த ஓட்டை வட்டமா, சதுரமா?’ என்று நடுவில் ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியிருந்தால், வீட்டாரிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டு வைப்பது நல்லது.