அட்டையின் மூலையில் ஒரு சிவப்புக் குறி

1910 ஜனவரி 19, புதன். இன்று ஒரு சிறு பிழை செய்தேன். எங்கள் கட்சி அலுவலகத்தில் வைத்திருக்கும் ஆமோஸ் கிளெக்கின் வாக்காளர் அட்டை மூலையில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அது என்னவென்று கேட்காமல் கிளம்பிவிட்டேன். தெரியாத குறியைத் தாண்டிப் போகாதே என்று மாலை வகுப்பில் சுருக்கெழுத்து ஆசிரியர் வாரந்தோறும் சொல்கிறார். அதையும் குறித்துத்தான் வைத்திருக்கிறேன்.

சென்ற முறை எங்கள் லிபரல் கட்சி மூன்றே வாக்கில் வென்ற தொகுதி இது. கிளெக் எங்கள் ஆள். கால் முறிந்து கிடந்தார். மதியம் மூன்று மணிக்கு நானும் கரி வண்டிக்கார சேத்தும் ஜெபக்கூடத்து நாற்காலியோடு அவர் வீட்டுக்குப் போனோம்.

"வேண்டாம் தம்பி. இன்னிக்கு நான் வெளிய போகக் கூடாது" என்றார் கிளெக்.

வைத்தியர் சொன்னதாக்கும் என்று நினைத்தேன். "நாங்க தூக்கிட்டுப் போறோம் ஐயா. கால் தரையில படாது."

"தாராளமா தூக்கிட்டுப் போங்க" என்றார் அவர் மனைவி மார்த்தா. "மூணு வாரமா அடுப்பை மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

பக்கத்து வீட்டைத் தாண்டும்போது சன்னல் திறந்தது. ஜேபஸ் ஹோய்ல், தெருவே அறிந்த டோரி, எங்கள் எதிர்க்கட்சிக்காரர். அவர் முன்னால் மேசையில் டாமினோ கட்டைகள், இரண்டு கோப்பைகள்.

"டேய் ஆமோஸ்! பதினெட்டு வருஷ ஒப்பந்தம்டா! எங்கடா போற?"

"நானா போறேன்? தூக்கிட்டுப் போறானுங்கடா!"

"உனக்கு வாய் இல்ல? இரு, நானும் வர்றேன்." சன்னல் மூடியது.

ஒரு டோரி ஓட்டைக் கிளப்பிவிட்டோமே என்று பயந்துபோய் நாற்காலியைத் திருப்பச் சொன்னேன். சேத் பனியில் வழுக்கினான். கிளெக் நாற்காலியோடு சகதியில் இறங்கினார். அதற்குள் ஹோய்ல் எங்களைக் கடந்து போனார்.

"தொப்பியைப் போட்டுட்டான்! தூக்குங்கடா, அவனை முந்தணும்!" என்று கத்தினார் கிளெக்.

வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில். வாசலில் நின்ற எங்கள் ஏஜென்ட் பில்லிங் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்ததும் முகம் வெளுத்தார்.

"அது ஜோடிக் குறிடா. ஒரு லிபரலும் ஒரு டோரியும், ரெண்டு பேரும் ஓட்டுப் போடறதில்லன்னு கை குலுக்கினது. எப்படியும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போகும், எதுக்கு நனையணும்னு. ஊர்ல நாப்பத்தோரு ஜோடி இருக்கு. நாம ஒண்ணை உடைச்சோம்னு தெரிஞ்சா, அவங்க நாப்பத்தோரு பேரையும் மோட்டார்ல அள்ளிட்டு வந்துருவாங்க. நம்மகிட்ட உன் நாற்காலிதான் இருக்கு. எட்டு மணி வரைக்கும் இவங்க ரெண்டு பேரும் உள்ள காலை வைக்கக் கூடாது. வெச்சா, நாளைக்கு நீ ஆபீஸ் பக்கமே வராதே."

இருவரையும் வீட்டுக்குப் போகச் சொல்லி மன்றாடினேன்.

"அவன் முதல்ல போகட்டும்" என்றார் கிளெக்.

"நான் வெளிய நிக்கறேன். அவன் போகட்டும்" என்றார் ஹோய்ல்.

வேறு வழி தோன்றவில்லை. ஹோய்ல் வீட்டு மேசையையும் டாமினோவையும் சுமந்து வந்து வாசலில் இருவருக்கும் நடுவே போட்டேன். ஆட ஆரம்பித்தார்கள். பனி மழையாக மாறியது. கிடைத்த ஒரே குடை டோரிகளின் நீலக் குடை. சட்டையில் லிபரல் மஞ்சள் ரிப்பனோடு நாலு மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டோரிகள் மூன்று முறை கைதட்டினார்கள்.

கிளெக் கண் அசந்தபோது இரண்டு தடவை ஹோய்ல் ஓசைப்படாமல் எழுந்து கதவை நோக்கி நடந்தார். இரண்டு தடவையும் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். இரண்டாவது தடவை ஒரு பொத்தான் கையோடு வந்துவிட்டது.

எட்டு மணி அடித்தது. கதவை மூடினார்கள். பில்லிங் என் கையைக் குலுக்கினார்.

மார்த்தா சால்வையோடு வந்தார். பெருமை தாங்காமல் அவரிடமும் சொன்னேன். "ஹோய்ல் மட்டும் உள்ள போயிருந்தா டோரிகளுக்கு ஒரு ஓட்டு கூடியிருக்கும்மா."

மார்த்தா இன்னும் ஆடிக்கொண்டிருந்த கிழவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஓட்டுதான் இல்ல தம்பி, காது இருக்கு. ரொட்டிக்கு வரி போடணும்னு அவங்க கட்சி கிளம்பின அன்னிக்கே ஜேபஸ் உங்க பக்கம் வந்தாச்சு. அதை இவர்கிட்ட சொல்லிட்டா ஒப்பந்தமே போயிரும், அப்புறம் தேர்தலன்னிக்கு அவரு யாரோட டாமினோ ஆடுவாரு?"

நாளைய வேலை: நாற்காலியைத் துடைத்து ஜெபக்கூடத்தில் சேர்ப்பது. ஹோய்லின் பொத்தானைத் திருப்பிக் கொடுப்பது. பத்து மணிக்கு வாக்கு எண்ணும் இடத்தில் இருப்பது. ஹோய்லின் அட்டையை, எதையும் திருத்தாமல், எங்கள் அலுவலகத்து டோரி அட்டைப் பெட்டியிலேயே வைப்பது.