ஆட்டுத்தோல் பிள்ளை

ஆம்பூர்,
1926-ம் வருஷம் மாசி மாதம் 9.

கனம் பொருந்திய திருப்பத்தூர் சம்பந்தி சுந்தரமூர்த்தி அவர்களுக்கு ரத்தினசாமி எழுதுவது. பெற்ற அன்றே என் மகள் பூவம்மாளின் மார்பிலிருந்து பிள்ளையைப் பிரித்தது உங்கள் சம்சாரம் செல்லம்மாள் அம்மாள் செய்த அநியாயம். மற்றபடி இங்கு யாவரும் சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுத முடியவில்லை.

பிறந்த நேரம் சரியில்லை, ஒன்பது நாள் தாய் தொடக்கூடாது என்று செல்லம்மாள் அம்மாள் பிள்ளையைக் கூடத்துத் தொட்டிலில் போட்டுவிட்டு, சீம்பாலைச் சுவரில் பீய்ச்சச் சொல்லிவிட்டு, மறுநாளே ரயிலேறிவிட்டார். பஞ்சாங்கம் பார்த்தது நான் என்பார். பார்த்தேன், பார்ப்பது வேறு, பிரிப்பது வேறு. நாலாம் நாள் பூவம்மாளுக்குப் பால் வற்றியது. ஆட்டுப்பால் பிள்ளைக்குத் தங்கவில்லை. கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன் நிறுத்துவார்கள், பால் சுரக்கும். தோல் கிடங்கு மேஸ்திரி எனக்கு இது தெரியாதா? மெல்லிய ஆட்டுக்குட்டித் தோலில் இலவம்பஞ்சு அடைத்துக் குழந்தை அளவுக்கு ஒரு பொம்மை தைத்து, வாசனைக்காகப் பிள்ளையின் துணியையே சுற்றி, அவள் பக்கத்தில் படுக்கவைத்தேன். மருத்துவச்சி ஹலீமா பீ சிரித்தாள்.

"இன்னா மேஸ்திரி, பசுவும் பொம்பளையும் ஒண்ணா? புள்ளைய எடுத்து மார்மேல போடு, பால் தானா வரும்."

"ஒம்போது நாள் ஆவட்டும்."

"உன் கணக்கு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?" என்றாள்.

பால் வந்தது, சம்பந்தி. நான் சொன்னபடியே வந்தது. ஆனால் அதைச் சங்கில் புகட்டினால் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. ஆறாம் நாள் பொம்மையைத் தூக்கினேன், கனத்தது. முப்பது வருஷமாகக் கையாலேயே தோலை எடைபோடுகிறவன் நான். அரை வீசைக்குத் தைத்தது, ஒன்றரை வீசை இருந்தது. தொட்டால் சூடு. பதனிட்ட தோலுக்கு ஏது சூடு? நான் அதற்கு வாய் வைத்துத் தைக்கவில்லை. வாய் இருக்கவேண்டிய இடம் ஈரமாகக் குழிந்திருந்தது. கூடத்துப் பிள்ளையோ நாளுக்கு நாள் லேசாகி, சில்லிட்டு, அழுவதையே விட்டுவிட்டது. எனக்குப் பேஜாராகிவிட்டது. இன்று பட்டப்பகலில் பிள்ளையைக் கொண்டுபோய் அவள் அறை வாசற்படியில் நின்று காட்டினேன். பூவம்மாள் பொம்மையை இறுக்கிக்கொண்டாள்.

"மெதுவா பேசுப்பா, இப்பதான் தூங்குது. கைல இன்னா, யார் ஊட்டுப் புள்ள?"

ஆகையால் பிரித்த கையே சேர்க்கவேண்டும். செல்லம்மாள் அம்மாள் நாளைக் காலை ரயிலில் வந்து பிள்ளையைத் தாயின் மார்பில் போடவேண்டும். மாப்பிள்ளை பொம்மையைப் பிடுங்கவேண்டும். நான் முயன்றதில் என் மகள் என் விரலைக் கடித்துவிட்டாள். தாங்கள் அதைப் பாலாற்று மணலில் ஆழமாகப் புதைக்கவேண்டும். நான் செய்யவேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. வீட்டிலுள்ள பெரியோருக்கு நமஸ்காரம், சிறியோருக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ரத்தினசாமி

பி.கு.: உறையை ஒட்டுமுன், ஹலீமா பீ என்னைக் கேளாமல் பிள்ளையைத் துணி அவிழ்த்துப் பூவம்மாளின் வெறும் மார்மேல் போட்டுவிட்டாள். அது நெளிந்து நெளிந்து தானே போய்ப் பற்றிக்கொண்டது. "வந்துட்டியா" என்றாள் என் மகள். பொம்மை அவள் கையிலிருந்து நழுவிவிட்டது. ஆகவே ஒருவரும் வரவேண்டாம். ஒன்பது நாள் என்று முதலில் சொன்னவனும் நான்தான். எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளவும். பொம்மை என் இடது கையில் இருக்கிறது. கீழே வைத்தால் அழுகிறது.