அலுமாரிக்குள் ஏறிய தாலி

எங்கள் ஆட்களில் ஸ்குரூடிரைவர் வாங்கியவன் எல்லாம் எஞ்சினியர்தான். நானும் அந்த வகையில் பட்டம் பெற்றவன். புறக்கோட்டையில் ஒரு துணிக் கம்பனியில் கணக்கு எழுதுவது என் தொழில். ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு யார் வந்தாலும், "தம்பி கம்பியூட்டர் படிச்சவர்" என்றுதான் அம்மா அறிமுகப்படுத்துவார். (நான் படித்தது ஒரு குறுகிய கோர்ஸ். அதையும் மாஸ்டர் பாதியில் விட்டுவிட்டு லண்டனுக்குப் போய்விட்டார்.) பலர் முன்னால் திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கும் அதில் நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் பிழை.

யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்த காலம் அது. வீட்டையும் காணியையும் ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன அப்பா அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். கப்பலுக்கும் பிளேனுக்கும் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கல்யாணம் சரிவந்தது. இந்த நாளை விட்டால் அடுத்த நல்ல நாள் வெகுதூரத்தில் இருக்கிறது என்றார் ஐயர். அம்மா போனில் அழுதார். அப்பாதான் முடிவு சொன்னார்.

"நாளைத் தள்ள வேண்டாம். மாமாவும் மாமியும் நிண்டு தாரைவார்க்கட்டும். வீடியோவை மட்டும் வடிவா எடுத்து அனுப்புங்கோ. நான் இஞ்சயிருந்து பாக்கிறன்."

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பகுதியில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் அவர் மணவறைப் பக்கம் தலைகாட்ட மாட்டார். சமையல் நடக்கும் இடத்தில்தான் நிற்பார். சோறு பதமா, சாம்பாரில் உப்புக் காணுமா, கடைசிப் பந்திக்கு வடை மிஞ்சுமா என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மேளம் உச்சத்துக்குப் போகும்போது அப்பா ஒரு பருக்கையை விரலால் நசித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் அன்ரன் என்று எனக்கு ஒரு நண்பன். கிழமை நாட்களில் பழைய கம்பியூட்டர் சாமான்கள் விற்பான், சனி ஞாயிறுகளில் கல்யாணமும் சேர்ச்சில் முதல்நன்மைச் சடங்கும் வீடியோ எடுப்பான். அக்காவின் கல்யாணத்தைச் சும்மாவே எடுத்துத் தருகிறேன் என்றான். ஆனால் எடிட்டிங்கை ஒரு ஸ்டூடியோவுக்குத்தான் கொடுப்பான், அவர்கள் சும்மா செய்யமாட்டார்கள்.

"எடிட்டிங்கை என்னட்ட விடு" என்றேன்.

எங்கள் வீட்டுக் கம்பியூட்டரின் தகுதி இதுதான்: அதைப் போட்டுவிட்டு அம்மா பிளேன்டீ ஊற்றிக் குடித்து, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் திரையில் படம் வரும். இதில் வீடியோ எடிட் பண்ணுவதென்றால் உள்ளே கொஞ்சம் சாமான் மாற்றவேண்டும் என்பது எனக்கே தெரிந்தது. அன்ரனின் கடைக்குப் போனேன்.

"முதல்ல ரெம் மெமரியைக் கூட்டு மச்சான். பிறகு பெரிய ஹார்ட் டிஸ்க் ஒண்டு. கமராவைத் தொடுக்க ஒரு கார்ட். கேசிங்கையும் மாத்து. இதுக்குள்ள காத்து ஓடாது. வீடியோ வேலை எண்டா மிஷின் கொதிக்கும், உள்ளுக்கு நல்ல ஃபேன் வேணும்."

"கேசிங் வெறும் தகரப் பெட்டிதானே. அதுக்கு ஏன்டா சல்லி?"

"நான் சொல்லுறதைச் சொல்லிட்டன்" என்றான் அன்ரன்.

தகரத்தில் மிச்சம் பிடித்த காசில் நான் என்ன வாங்கினேன் தெரியுமா? கல்யாண எஃபெக்ட்ஸ் அடங்கிய ஒரு சீடி. தாமரைப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து மணமகள் வருவார். இரண்டு புறாக்கள் ஒரு இருதயத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கும், இருதயத்துக்குள் மணமகன் சிரிப்பார். மிஷின் மூச்சுவிடுவதைவிட அத்தான் இருதயத்துக்குள் சிரிப்பது அன்றைக்கு எனக்கு முக்கியமாகப் பட்டது.

பாவித்த ஹார்ட் டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், அதை வைக்க உள்ளே இடமில்லை. அக்காவின் பழைய பள்ளிக்கூட ரிபனால் கட்டி வெளியில் தொங்கவிட்டேன். பிறகு கேசிங்கின் மூடி மூடவில்லை. மூடியைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். சிவப்பு, மஞ்சள், கறுப்பு வயர்கள் எல்லாம் குடல் சரிந்த மாதிரி வெளியே கிடந்தன. சூடாகாமல் இருக்க, வீட்டில் இருந்த ஒரே மேசை ஃபேனைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தேன். கம்பியூட்டர் காற்று வாங்கியது, நாங்கள் மூவரும் வேர்த்தோம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அன்ரன் மூன்று டேப் எடுத்தான். முதல் இரண்டிலும் சடங்குகள். மூன்றாவது முழுக்கப் பந்தி. முதல் இரண்டையும் கம்பியூட்டரில் ஏற்றியதும் டிஸ்க் நிரம்பிவிட்டது. சனங்கள் சோறு தின்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மூன்றாவது டேப்பை மேசை லாச்சிக்குள் போட்டேன். இரண்டொரு நாளில் அன்ரன் போன் பண்ணினான். அவர்களுடைய சேர்ச்சில் பெருநாள் வருகிறது, டேப் தட்டுப்பாடு, இரண்டைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டான். ஏற்றி முடித்த இரண்டையும் தாராளமாகக் கொடுத்தேன். (புது டேப் வாங்கிக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் சிக்கனம் என்று இறங்கிவிட்டால் நான் இடையில் நிற்பவனல்ல.)

பக்கத்து பிளாட் ரீச்சருக்கு யாழ்ப்பாணம் போக ஞாயிற்றுக்கிழமைப் பிளேனில் இடம் கிடைத்திருந்தது. சீடியை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். அவரை விட்டால் அடுத்து யார் எப்போது போவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் தாமரையும் புறாவும் விட்டு எடிட் பண்ணி, சனிக்கிழமை காலை கடைசி வேலையைத் தொடக்கிவிட்டேன். முழு வீடியோவையும் மிஷின் ஒன்றாகக் கோத்து முடிக்கப் பின்னேரம் ஆகும். எனக்கு அன்று கந்தோரில் அரைநாள் வேலை. போகும்போது அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"அம்மா, என்ன நடந்தாலும் இதை நிப்பாட்டக் கூடாது. வயர் ஒண்டையும் கழட்டக் கூடாது. நிண்டுதெண்டால் அப்பாவுக்கு வீடியோ இல்லை."

"நான் ஏன் அதைத் தொடுறன்" என்றார் அம்மா.

மத்தியானம் நான் திரும்பி வந்தபோது எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் ஜீப் நின்றது. வீடு வீடாகச் சோதனை. அது அப்போது வழக்கமான விசயம்தான்; பொலிஸில் பெயர் பதிந்த துண்டைக் காட்டினால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் படியேறியபோது ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு பொலிஸ்காரர்களும் எங்கள் கதவுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நானும் என் வீட்டுக்குள் விருந்தாளி மாதிரிப் போனேன்.

முதலில் கண்ணில் பட்டது ஃபேன். அது சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. மொனிட்டர் இருந்த இடத்தில் ஒரு பூப்போட்ட மேசை விரிப்பும் அதன்மேல் பிள்ளையார் படமும் இருந்தன. கம்பியூட்டர் பெட்டியைக் காணவில்லை. சுவர்ப் பிளக்கில் இருந்து ஒரு வயரும் விரிப்புக்கடியில் இருந்து இன்னொன்றும் புறப்பட்டு, நிலத்தால் ஓடி, அம்மாவின் அலுமாரிக் கதவிடுக்கால் உள்ளே போயின.

ஜீப் வந்த சத்தம் கேட்டதும் அம்மா யோசித்திருக்கிறார். வாய் பிளந்த பெட்டி, தொங்கும் வயர்கள், மினுங்கும் சிவப்பு லைட். பொலிஸ் இதைப் பார்த்தால் தம்பியைக் கொண்டுபோய்விடுவான். நிப்பாட்டினாலோ அப்பாவுக்கு வீடியோ இல்லை. ஆகவே ஒரு வயரையும் கழற்றாமல், ஓடுகிற மிஷினை அப்படியே தூக்கி அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, மேலே தன் கூறைச் சேலை உட்பட ஆறேழு சேலைகளையும் ஒரு குளிர்ப் போர்வையையும் போட்டு மூடிக் கதவையும் சாத்திவிட்டார். நான் சொன்ன ஒரு சொல்லைக்கூட அவர் மீறவில்லை.

இன்ஸ்பெக்டர் வயரைப் பார்த்தார். வயர் போன இடத்தைப் பார்த்தார். அலுமாரி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

"ஏ மொகக்த?" அது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

அம்மாவின் சிங்களம் மரக்கறிக் கடையில் கற்றது. விலை கேட்கத் தெரியும், பழுதென்று சொல்லத் தெரியும். இருந்த சொற்களை வைத்துச் சமாளித்தார்.

"கொம்பியூட்டர் நிதாகன்னவா, மஹத்தயா."

கம்பியூட்டர் நித்திரை கொள்கிறது ஐயா. இன்ஸ்பெக்டருக்கு மட்டுமல்ல, கம்பியூட்டர் படித்த எனக்கும் அது புதிய செய்தி.

அந்த நேரம் பார்த்து அலுமாரிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டிக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டிக். பிறகு விடாமல் டிக், டிக், டிக்.

போர்க்காலக் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டு அலுமாரி இப்படிச் சத்தம் போடக் கூடாது. பொலிஸ்காரர்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாசல்வரை பின்னால் போனார்கள். இன்ஸ்பெக்டர் கையை நீட்டி எல்லோரையும் விலகச் சொன்னார். நானும் பயந்தேன். ஆனால் அவர்கள் பயந்த காரணம் வேறு, நான் பயந்த காரணம் வேறு. அது சாகப்போகிற ஹார்ட் டிஸ்க்கின் சத்தம் என்று அன்ரன் கடையில் கேட்டு அறிந்திருந்தேன். உள்ளே என் அப்பாவுக்குரிய கல்யாணம் வெந்துகொண்டிருந்தது. ஒன்றும் யோசிக்காமல் அலுமாரியை நோக்கிப் பாய்ந்தேன்.

(இதைவிட முட்டாள்தனமாக ஒரு மனிதனால் பாயமுடியாது.)

அடுத்த கணம் நான் சுவரோடு நின்றேன். முதுகில் துப்பாக்கி முட்டிக்கொண்டிருந்தது. அம்மா அழத் தொடங்கினார். "மகே புத்தா, மகே புத்தா" என்று என் மகன், என் மகன் என்பதைச் சிங்களத்தில் பிழையில்லாமல் சொன்னார். அக்கா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தார். புதுத் தாலிக்கொடியோடு நின்ற அவரைக் கண்டதும் இன்ஸ்பெக்டரின் முகம் கொஞ்சம் மாறியது. அக்காவுக்கு நல்ல சிங்களம். நடந்ததை ஒழுங்காகச் சொல்லி, தானே போய் மேசை விரிப்பை இழுத்தார்.

மொனிட்டரில் ஒரு படம். மணவறை. அத்தானின் இரண்டு கைகளும் அக்காவின் கழுத்தை நெருங்கிவிட்டன. ஒரு ஓரத்தில் பாதிப் புறா.

"மகுல் கெதரக்த?" கல்யாண வீடா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். துப்பாக்கி என் முதுகை விட்டுப் போனது. அவர் கிட்டப்போய்ப் படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது ஏன் அசையவில்லை என்று என்னைக் கேட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். மிஷின் அந்த இடத்தில் நின்றுபோய்விட்டது. தாலி கழுத்துக்கு ஏறவில்லை.

அலுமாரியைத் திறந்தோம். பூச்சி உருண்டை வாசத்தோடு சூடான காற்று முகத்தில் அடித்தது. டிஸ்க்கில் கை வைக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் போகும்போது அம்மாவிடம் ஆறுதலாக ஏதோ சொன்னார், அக்கா அதைத் தமிழில் சொன்னார்: "மேசையில இருந்திருந்தால் திரும்பியும் பாத்திருக்க மாட்டினமாம். ஒளிச்சு வைச்சபடியால்தான் சந்தேகமாம்."

ஆறாத டிஸ்க்கைத் துவாயில் சுற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். அன்ரன் அதைத் தன் மிஷினில் பூட்டிக் காதை வைத்துக் கேட்டான்.

"முடிஞ்சுது மச்சான்."

"டேப்?"

அவன் கமராவில் டேப்பைப் போட்டுக் காட்டினான். அக்காவுக்குத் தாலி ஏறிய இடத்தில் இப்போது கொட்டாஞ்சேனைச் சனம் மெழுகுதிரியோடு சுற்றுப்பிரகாரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு தகப்பன் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத்தான் நான் சேலைக்கடியில் போட்டு அவித்திருக்கிறேன்.

"மூண்டாவது டேப் எங்க?" என்றான் அன்ரன்.

வீட்டில் லாச்சிக்குள் இருந்தது; ஓடிப்போய் எடுத்துவந்தேன். வேறு வழியில்லை. அவனுடைய மிஷினிலேயே அதை ஏற்றினோம். தாமரை இல்லை, புறா இல்லை, ஒரு வெட்டுக்கூட இல்லை. முதல் பந்தி இலை போடுவதிலிருந்து கடைசிப் பந்தி இலை எடுப்பது வரை அப்படியே சீடியாக்கி ரீச்சரிடம் கொடுத்தோம். அவர் போன பிறகு வீட்டில் யாரும் யாரோடும் கதைக்கவில்லை. "நீதானே நிப்பாட்ட வேண்டாமெண்டனீ" என்று அம்மா மட்டும் இடைக்கிடை சுவரைப் பார்த்துச் சொன்னார். "அப்பாட்ட நீயே சொல்லு" என்றார் அக்கா.

அப்பாவின் போன் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்தேன். நான் வாய் திறக்க முதல் அவர் தொடங்கிவிட்டார்.

"தம்பி, அந்த நீலச் சேர்ட் போட்டது எங்கட சின்னராசாவின்ர பொடியனே? ஏன் இப்பிடி மெலிஞ்சு போனான்? மாமா ரெண்டாந்தரமும் வடை வேண்டிறார், டொக்டர் வேண்டாமெண்டெல்லே சொன்னவர்? தெஹிவளைச் சனம் முழுக்க வந்திருக்கு. சந்தோசம்."

"அப்பா, தாலி கட்டினது அதில இல்லை. நான்தான்..."

"தாலி கட்டினது எண்டு அம்மா சொன்னால் நான் நம்பாமல் விடுவனே? ஆர் ஆர் வந்தவை, வடிவாச் சாப்பிட்டவையோ எண்டுறதை அவ ஒழுங்காச் சொல்லமாட்டா. ரெண்டு தரம் பாத்திட்டன். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து பாத்தவை."

"கடைசி வரைக்கும் பாத்தனான்" என்றார் பிறகு. அவர் எதை யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. டேப்பின் கடைசியில் அக்காவும் அத்தானும் ஒரே இலையில் சாப்பிடுவார்கள். அப்பாவுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று அன்ரன் கேட்பான். அக்கா கமராவைப் பார்த்து, வாயில் சோற்றோடு சொல்லுவார்: "அப்பா, சோறு குழைஞ்சு போச்சு. நீங்கள் நிண்டிருந்தால் விட்டிருக்க மாட்டீங்கள்."

"தம்பி" என்றார் அப்பா. குரல் ஒரு மாதிரி இருந்தது. "அக்காட்டச் சொல்லு. சோறு குழைஞ்சதுதான். இஞ்ச இருந்து பாக்கவே தெரியுது."

அவர் கொழும்புக்கு வந்துசேர மேலும் பல மாதங்கள் ஆகின. வந்தவர் சேர்ட்டைக் கழற்ற முதல் அறைக்குள் போனார். அம்மாவின் அலுமாரியைத் திறந்து, குனிந்து, உள்ளே கோயில் மூலஸ்தானத்தைப் பார்ப்பதுபோல் கவனமாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்டார்.

"இதுக்குள்ளயோ என்ர மகளுக்குத் தாலி ஏறினது?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வரலாறு. கல்யாண நாள் வந்தால் யாராவது ஒருவர் அலுமாரியைத் தட்டிவிட்டுத்தான் வாழ்த்துச் சொல்லுவார்கள். அக்காவின் மகள் சின்ன வயதில், அம்மாவும் அப்பாவும் எந்த மண்டபத்தில் கல்யாணம் கட்டினவை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, அலுமாரிக்குள் என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அத்தான் மட்டும் சிரிக்காமல் அவளைத் திருத்தினார்.

"கீழ்த்தட்டில எண்டும் சொல்லியிருக்க வேணும் பிள்ளை."