ஜிந்தாபாத் பாயின் எழுத்துப்பிழை

மரக்காணத்தில் உப்பு விற்காத மளிகைக் கடை ஒன்றே ஒன்றுதான். அதன் முதலாளி, தன் கடைக்கு எதிராகத் தானே மறியல் செய்த உலகின் ஒரே வியாபாரி. துவரம்பருப்பு விலை ஏறினால் வாசலில் கொடியோடு உட்கார்ந்து "விலையைக் குறை!" என்று முழங்குவார். நடுவில் யாராவது பருப்பு கேட்டால் எழுந்துபோய், ஏறிய விலைக்கே நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து முழக்கத்தைத் தொடர்வார். ஊர் அவருக்கு வைத்த பெயர் ஜிந்தாபாத் பாய்.

உப்பு மட்டும் அவர் கடையில் இலவசம். "எங்க தாத்தா உப்பு அள்ளி ஜெயிலுக்குப் போனவரு. அத நான் விக்கறதா?" என்பார். உப்பளத்து ஊரில் இலவச உப்பு! கடலுக்குள் நின்று தண்ணீர்ப் பந்தல் வைத்த மாதிரி.

போன வருஷம் உப்பளத்துக்குப் போகும் பாதையில் யாரோ நிலம் வாங்கி, இரும்பு கேட் போட்டுப் பூட்டினார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் ஊரைச் சுற்றி நடந்தார்கள். தாமதமாகப் போனால் அன்றைக்கு வேலை இல்லை. அந்த வேலையில்தான் என் அம்மா என்னைத் தமிழ் எம்.ஏ. படிக்க வைத்தாள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் மிதித்த முதல் ஆள் நான்.

பாய் கடையைச் சாத்தினார். கேட் முன்னால் பலகை நட்டார்: 'உப்பளத்து வலி எங்கள் உரிமை!'

எனக்குத் தலை சுற்றியது. "பாய், அது வழி. ழ போடணும்."

"ஏம்மா டீச்சரு, எந்த ல போட்டா என்னா? போராட்டத்துல இலக்கணம் பாப்பாங்களா?"

"வலி வேணும்னு யாராச்சும் உரிமை கேப்பாங்களா?"

"பெயின்ட் காஞ்சிடுச்சும்மா!"

தாலுகா ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி பலகையைப் படித்துச் சிரித்தார். "யாருக்குய்யா வலி?"

கோஷம் போட்டே பழகிய பாய், தன் பலகையையே திரும்பிப் பார்த்தார். கூட்டத்தின் முன்னால் நின்ற என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கேள்வி மட்டும் காதில் விழுந்தது. "எங்களுக்குத்தான் சார்" என்று செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். உப்புத் தண்ணீர் அரித்த வெடிப்புகள். பின்னால் நின்ற பெண்களும் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். "இந்தக் கால வச்சிக்கினு ஊரச் சுத்திப் போவச் சொல்றாங்க சார்."

அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டுப் பூட்டின் சாவியைக் கேட்டார்.

திட்டம் போட்டுத்தான் அந்த 'ல'வை எழுதியதாகப் பாய் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பலகை இப்போது கடைக்குள் தொங்குகிறது. ழகரம் தப்பினால் மதிப்பெண்ணில் கை வைக்கிற டீச்சர் நான். அதைத் திருத்தியே தீர்வதென்று ஒருநாள் பெயின்ட் டப்பாவோடு போனேன். வீட்டில் உப்பு மூட்டையாய்க் கிடந்தும் அவரிடம் ஒரு கை வாங்கிக்கொண்டு, டப்பாவைத் திறக்காமல் திரும்பிவிட்டேன்.