அரைச் செக்கன் பொறுக்காத ரிலே

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று முதலில் சொன்னவர் என்னை எங்கேயோ பார்த்திருக்க வேண்டும். அதுவும் வெள்ளவத்தையில், ஒரு ஞாயிறு காலையில், கையில் ஸ்குரூ டிரைவரோடு.

மின் பொறியியல் படித்து முடித்து ஆறு மாதம். மின்சாரத்தைக் கண்டுபிடித்ததே நான்தான் என்ற நினைப்பு. நான் காதலித்த சுபாவின் அப்பா, ஒன்பது மாடி பிளாட்ஸ் ஒன்றின் கமிட்டித் தலைவர்.

"தம்பி எந்த ஊர்?"

"கொட்டாஞ்சேனை, அங்கிள்."

"அது சரி, சொந்த ஊர்?"

"அதுவும் கொட்டாஞ்சேனைதான்."

(நகரத்துக்கு வெளியே ஒரு பூர்வீக ஊர்ப் பெயரை எதிர்பார்த்தவரின் முகம் போன போக்கில் பாதிக் கலியாணம் அங்கேயே கான்சல்.)

அந்த நேரம் பார்த்து பிளாட்ஸின் மெயின் ரிலே செத்துப்போனது. இலவசமாக மாற்றித் தருகிறேன் என்று பாய்ந்து போனேன். ரிலே பெரிய மர்மமில்லை. மின்சாரம் எங்காவது கசிந்தால் மோப்பம் பிடித்து, "வெட்டு" என்று மெயின் சுவிட்சுக்கு உத்தரவு போடும் சின்னப் பெட்டி. ஒவ்வொரு மாடிக்கும் தனி டிரிப் சுவிட்ச் உண்டு. அது முதலில் விழுகிறதா என்று மெயின் ரிலே அரைச் செக்கன் பொறுத்துப் பார்க்க வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதிப் பாஸும் பண்ணியிருக்கிறேன். ஆனால் பெண்ணின் அப்பா பக்கத்தில் நிற்கும்போது பொறுமைக்கு எங்கே போவது? பொறுக்கும் நேரத்தைப் பூச்சியத்தில் வைத்தேன்.

"கண் மூடித் திறக்க முதல் வெட்டும், அங்கிள்."

"அப்பிடியோ!" முதல்முறையாகச் சிரித்தார். "நில்லும், மேல போய்த் தேத்தண்ணி போடச் சொல்லிப்போட்டு வாறன்." லிப்டில் ஏறினார்.

ஐந்தாம் மாடிப் பரிமளம் அன்ரி உழுந்து அரைக்கக் கிரைண்டரைப் போட்டார். ஈரம் இறங்கி மின்சாரம் கசியும் கிழட்டுக் கிரைண்டர். அந்த மாடி சுவிட்ச் விழுவதற்குள் என் ரிலே ஒன்பது மாடியையும் வெட்டியது. ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. அந்த மின்சாரமும் என் ரிலேயைத் தாண்டித்தான் போக வேண்டும். விடவில்லை. மூன்றாம் நான்காம் மாடிகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"தம்பி! கரண்ட் போயிட்டுதோ?"

"இல்லை அங்கிள், பாதுகாப்பு வேலை செய்யுது!" (பெருமையோடு வேறு கத்தினேன்.)

ரீசெட் பண்ணினேன். லிப்ட் ஓர் அடி ஏறியது. கரண்ட் வந்த சந்தோஷத்தில் அன்ரி திரும்பவும் கிரைண்டரைப் போட்டார். இப்படி மூன்று தடவை. படியில் ஓடி இறங்கி வந்த சுபா என்னைப் பார்த்த பார்வையில் வெட்கத்தால் செத்தேன். அவள் மேலே பார்த்துக் கத்தினாள்.

"அப்பா, பரிமளம் அன்ரியின்ர கிரைண்டர் பழுது. அதுதான்!"

லிப்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அவவின்ர கிரைண்டர் பழுதெண்டா, நான் ஏன் லிப்டுக்குள்ள நிக்கவேணும்?"

நாலு வருடப் படிப்பு மொத்தமும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. நேரத்தை அரைச் செக்கனுக்குத் திருப்பி, ரீசெட் பண்ணினேன். அன்ரி நாலாவது தடவை போட்டார். ஐந்தாம் மாடி மட்டும் அடங்கியது, லிப்ட் ஏறியது.

வியர்வையில் குளித்து வந்தவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "உமக்கு அரைச் செக்கன் பொறுக்கேலாது. கலியாணத்துக்கு ஒரு வருசம் பொறும், பாப்பம்."

பொறுத்தேன். கலியாணம் நடந்தது. குணம்தான் போகவில்லை. போன வாரம் மகன் படிக்காமல் கேம் விளையாடுகிறான் என்று, ஆத்திரத்தில் வீட்டு வைஃபையையே நிறுத்தினேன். தாத்தாவிடம் அந்த லிப்ட் கதையை நூறு தடவை கேட்டிருந்த சின்ன மகள் அடுத்த அறையிலிருந்து கத்தினாள்.

"அண்ணாவின்ர கிரைண்டர் பழுதெண்டா, நான் ஏன் லிப்டுக்குள்ள நிக்கவேணும்?"

சோபாவில் இருந்த மாமனார் பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னார்: "நல்லாக் கேளுங்கோ, பிள்ளை."