வனீஸின் நாற்காலியும் என் ஆங்கிலமும்

ஹுர்கதா ஓட்டலில் வேலை பார்க்கும் அன்பு அண்ணன் மகன் ரிஃபாத்துக்கு, லக்ஸரிலிருந்து சித்தப்பா பகீத் ஆயிரம் சலாமுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் வயிறு மட்டும் எரிகிறது.

காரணம், என் டீக்கடைக்கு எதிரே சவரக் கடை வைத்திருக்கும் வனீஸ். போன மாதம் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினான். தினம் ஓர் ஆங்கிலச் சொல், கீழே பொருள், அதற்கும் கீழே ஒரு வாக்கியம். 'ஷார்ப் என்றால் கூர்மை. என் கத்தி ஷார்ப்.' அவ்வளவுதான், குதிரை வண்டிக்காரர்கள் அவனை உஸ்தாத், அதாவது வாத்தியார், என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். உஸ்தாத்! ஆறாம் வகுப்பு வரை, அதாவது அதன் வாசல் வரை, போனவன் நான். ஒரு லண்டன் துரைக்கு அவருடைய ஆங்கிலத்தையே திருத்திக் கொடுத்தேன். மனுஷர் அழுதுகொண்டே ஊர் திரும்பினார். எனக்கு மட்டும் இன்னும், "ஏ பகீத்து, ஒரு டீ!"

நானும் பலகை மாட்டினேன், அவனுடையதைவிட இரண்டு மடங்கு பெரிதாக. 'ஓல்ட் என்றால் பழையது. வனீஸின் நாற்காலி ஓல்ட்.' மறுநாள், 'டேஞ்சர் என்றால் ஆபத்து. வனீஸின் கத்தி டேஞ்சர்.' வண்டிக்காரர்கள் டீ குடித்தபடியே சத்தம் போட்டு மனப்பாடம் செய்தார்கள். காதில் தேன் பாய்ந்தது எனக்கு.

பாவிகள், அதை அப்படியே வண்டியில் ஏறிய வெள்ளைக்காரர்களிடம் ஒப்பித்துவிட்டார்கள்! நம் ஊருக்கு அவர்கள் வருவதே பழசைப் பார்க்கத்தானே? கோயிலைப் பார்த்த கையோடு வனீஸின் நாற்காலியையும் பார்க்க வரிசை. நேற்று மட்டும் நாற்பது பேர், சரி, நாலு பேர். அதில் ஒருவர் பயந்து பயந்து சவரம் வேறு செய்துகொண்டு, படமும் எடுத்துக்கொண்டார்.

"என்னடா காரியம் பண்ணின?" என்று வண்டிக்கார ஹம்தானைப் பிடித்து உலுக்கினேன்.

"நீ எழுதிப்போட்டதத்தான்யா சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே அவ்வளவுதான். உன் கடையப் பத்தி ஒரு வரி எழுதியிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்ல?"

ஆகவே மகனே, ஆங்கிலத்திலேயே கொடூரமான சொற்களாகப் பத்து அனுப்பு. எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. கைவசம் இருப்பவையெல்லாம் அவனுக்கு மிஞ்சிய தரம்.

உன் தட்டு நிறையவும் உன் முதலாளி மனம் இளகவும் இறைவன் அருள்வானாக.

சித்தப்பா பகீத்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது எதிரே இன்றைய சொல் ஏறியது: 'டீச்சர் என்றால் ஆசிரியர். பகீத் என் டீச்சர்.' எழுதிய சாக்பீஸோடு வனீஸே வந்து, "உஸ்தாத், உங்களாலதான் நம்ம கடைக்கு ஆள் வருது. வந்தவங்களுக்கு நாலு டீ குடுங்க" என்றான். அந்த 'உஸ்தாத்' என் கடை முழுக்கக் கேட்டது! ஆகவே மேலே உள்ள எதையும் படிக்காதே, சொற்கள் வேண்டாம். ஆனாலும் என் பெயரை எவ்வளவு பொடியாக எழுதியிருக்கிறான் தெரியுமா? அவன் பெயரை நான் ஒட்டகம் அளவுக்கல்லவா எழுதினேன்! ஐந்து மட்டும் அனுப்பு.